ஸ்டேபிலைசரை மேலே தூக்கி மாட்டினேன், வண்டி ஒரு பக்கமா இழுக்குது

மண்பாதை:
அவசரம், காலையில வண்டி எடுக்கணும். ஸ்டீயரிங் ஸ்டேபிலைசர் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்குற டேம்பர்) ஆயில் ஒழுகுச்சுன்னு புதுசு போட்டேன். பழைய இடத்துல பாறையில இடிக்குதுன்னு தூக்கி வைக்கிற பிராக்கெட்டும் சேர்த்து மாட்டினேன். இப்ப கையை விட்டா ஒரு பக்கமா போகுது, ஒரு பக்கம் முழுசா ஒடியல, 70ல உதறுது. என்ன பண்ணலாம்?

ஸ்பேனர்14:
எந்த வண்டி? லிஃப்ட் (வண்டியைத் தூக்கின உயரம்) எவ்வளவு? கேஸ் டேம்பரா, வெறும் ஆயிலா? எந்தப் பக்கம் இழுக்குது, எந்தப் பக்கம் ஒடியல?

பழைய_ஜீப்:
உதறல்னாலே டயர் பேலன்ஸ்தான். முன் டயர் ரெண்டையும் பின்னாடி மாத்திப் போட்டு ஓட்டுங்க. குறைஞ்சா டயர்தான்.

மண்பாதை:
ஜீப் ராங்ளர் ஜேகே 2012. லிஃப்ட் 2.5 இஞ்ச், டயர் 35 இஞ்ச். இழுக்கிற பக்கம் நல்லா ஒடியுது, எதிர்ப்பக்கம்தான் நிக்குது. பெட்டியில கட்டியிருந்த பட்டையை வெட்டினதும் டேம்பர் ராடு தானா நீண்டுச்சு.

பாறைவழி:
இதையெல்லாம் முதல் பதிவுலயே எழுதணும் தம்பி. அளக்காம மாட்டியிருக்கீங்கன்னு படிச்சதுமே தெரியுது.

ராடு தானா நீண்டா அது கேஸ். எப்பவும் டை ராடை (முன் சக்கரம் ரெண்டையும் இணைக்கிற கம்பி) தள்ளிக்கிட்டே இருக்கும், அதான் இழுப்பு. எதிர்ப்பக்கம் ஒடியலைன்னா டேம்பர் முழுசா சுருங்கி அடியில முட்டுது. அதாவது டேம்பரை டை ராடுல பிடிக்கிற கிளாம்ப், ஆக்சில் பிராக்கெட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. அப்படியே ஓட்டாதீங்க. லாக்குக்கு (ஸ்டீயரிங் முழுசா ஒடியற எல்லை) நாக்கிள்ல (சக்கரம் திரும்புற மூட்டு) இருக்கிற ஸ்டாப்தான் முட்டணும். டேம்பர் முட்டினா பவர் ஸ்டீயரிங் விசை முழுக்க அந்த ராடுலயும் பிராக்கெட்லயும் இறங்கும், ராடு வளையும்.

டேம்பரோட டை ராடு பக்க முனையைக் கழட்டுங்க. லாக்குல இருந்து லாக் வரைக்கும் டை ராடு எவ்வளவு நகருதுன்னு அளங்க. டேம்பரோட முழு ஓட்டம் அதைவிடக் குறைஞ்சது 20 மிமீ கூடுதலா இருக்கணும். சக்கரத்தை நேரா வச்சு, டேம்பர் ராடைப் பாதி ஓட்டத்துல நிறுத்தி, அந்த நீளத்துக்குக் கிளாம்பை நகர்த்துங்க. யூ-போல்ட் நட்டு நாலையும் மாத்தி மாத்திக் கொஞ்சங்கொஞ்சமா இறுக்குங்க. டை ராடுல பெயிண்டும் கிரீசும் இருந்தா கிளாம்ப் வழுக்கும், சுரண்டித் துடைங்க.

ஸ்பேனர்14:
ஒண்ணு சேர்த்துக்குங்க. டேம்பர் உயர்ந்துட்டதால டை ராடு தன் அச்சுல உருளப் பார்க்கும். ரெண்டு முனையிலயும் பால் ஜாயிண்ட் ஒரே கோணத்துல நிக்குற மாதிரி திருப்பி ஜாம் நட்டை இறுக்குங்க. இல்லைன்னா பிராக்கெட் முன்னாடி சாஞ்சு இடிக்கும்.

பழைய_ஜீப்:
எதிரெதிரா ரெண்டு டேம்பர் போட்டா தள்ளு விசை சமமாகிடும், இழுப்பே இருக்காது. 35 டயருக்கு ஒண்ணு பத்தாது.

பாறைவழி:
ஒண்ணு தாராளமா போதும். ரெண்டு போட்டா தேய்ஞ்ச ஜாயிண்ட் வெளியே தெரியாம மறைஞ்சுடும். லிஃப்ட்ல காஸ்டர் (ஸ்டீயரிங்கை நடுவுக்குத் திருப்புற சாய்வு) ஏற்கெனவே குறைஞ்சிருக்கு. ரெண்டு டேம்பரும் சேர்ந்தா ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பவே சோம்பும். இழுப்பு வேண்டாம்னா கேஸ் இல்லாத டேம்பர் வாங்கட்டும்.

பழைய_ஜீப்:
மணல்ல 35 டயரை ஒத்தை டேம்பரோட பிடிச்சா கை வலி தெரியும். மறைக்கிறதுக்காக ரெண்டு போடச் சொல்லல.

ஸ்பேனர்14:
உதறலை விட்டுட்டீங்களே. டேம்பர் உதறலுக்கு மருந்து இல்ல. 70ல மேடு ஏறினதும் ஆரம்பிச்சு, வேகம் குறைக்கிற வரைக்கும் நிக்காம ஆடுச்சுன்னா முதல்ல டிராக் பாரைப் பாருங்க, ஆக்சிலைப் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி அது. வண்டி சக்கரத்துல நிக்கட்டும், என்ஜின் ஓடட்டும். ஒருத்தர் ஸ்டீயரிங்கைச் சின்னதா, வேகமா இடம் வலம் ஆட்டணும், இன்னொருத்தர் டிராக் பார் ரெண்டு முனையும் பார்க்கணும். போல்ட் துளைக்குள்ள துளி நகர்ந்தாலும் தப்பு. அந்தப் போல்ட்டை இறுக்க வேண்டிய டார்க் 125 அடி-பவுண்ட், சுமார் 170 நியூட்டன் மீட்டர். வண்டி பாரம் சக்கரத்துல இருக்கும்போதே இறுக்கணும்.

மண்பாதை:
கிளாம்ப் 30 மிமீ நகர்த்தினேன், ரெண்டு பக்கமும் ஸ்டாப்புல முட்டுது. டிராக் பார் ஆக்சில் பக்கப் போல்ட் லூஸ், இறுக்கிட்டேன். 90 வரைக்கும் போனேன், உதறல் இல்ல. லேசான இழுப்பு இருக்கு. நன்றி அண்ணே.

ஸ்பேனர்14:
அந்தப் போல்ட்டை வெளியே எடுத்துப் பார்த்தீங்களா? லூஸா ஓடியிருந்தா துளை முட்டை மாதிரி நீண்டிருக்கும், இறுக்கினாலும் மறுபடி இளகும்.