தேவைக்கும் ஆசைக்கும் நடுவே: புல்லாங்குழல்கள் பெருகிக்கொண்டே போவதைப் பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: பொருநைக்கரை மாணவன், பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். கர்நாடக இசைப் புல்லாங்குழல் பயின்று வருகிறேன். ஆசிரியர் ஐந்து கட்டைக் குழலில் (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி உயரும்) வர்ணங்கள் என்னும் பயிற்சி உருப்படிகளைச் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் என் அலமாரியில் ஒன்றரைக் கட்டை முதல் ஆறு கட்டை வரை குழல்கள் சேர்ந்துவிட்டன. அவற்றோடு ஒரு கீபோர்டும் மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருக்கின்றன. இரவில் யாரேனும் ஒரு காணொளியில் புதுக் குழலை வாசித்துக் காட்டினால், அந்த நாதம் எனக்கும் வாய்க்க வேண்டும் என்று மனம் தவிக்கிறது. வாங்கிய சில வாரங்களில் அந்தத் தவிப்பு அடுத்த பொருளுக்குத் தாவிவிடுகிறது. இப்போது கண்டென்சர் மைக் ஒன்றின் மீது கண் விழுந்திருக்கிறது. ஒரு குழலுக்கு ஒரு சுருதிதான் என்பதால், பல குழல்கள் வேண்டும் என்னும் வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆகவே எது தேவை, எது வெறும் ஆசை என்று பிரித்துப் பார்ப்பதே எனக்குக் கடினமாக உள்ளது. நெல்லை, தென்காசிப் பக்கத்துக் கலைஞர்கள் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

பதில்: நாதஸ்வரக் கலைஞர், சேரன்மகாதேவி

தம்பி, இந்தக் கேள்விக்கு எங்கள் வாத்தியத்தின் வரலாற்றிலேயே ஒரு நல்ல விடை இருக்கிறது. முன்பு வழக்கில் இருந்தது அளவில் சிறிய, சுருதி உயர்ந்த திமிரி நாதஸ்வரம். அதில் சுத்த மத்யமம் என்னும் 'ம' ஸ்வரம் இயல்பாகப் பேசாது. வாசிப்பவர் ஊதும் முறையால் அதைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. அந்தக் குறை தம் இசையில் தட்டுப்பட்டதால்தான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை அவர்கள் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாரைக் கொண்டு நீளமான பாரி நாதஸ்வரத்தைச் செய்வித்தார்கள். பிள்ளை அவர்களிடம் பயின்ற நம் காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் (1921–1964) அந்த வாத்தியத்தின் கனத்த நாதத்தைத் தமிழகமெங்கும் கேட்கச் செய்தார்கள். வாசிப்பில் ஒரு ஸ்வரம் இடறியது, அதற்காகப் புதிய கருவி பிறந்தது என்பதே இங்கு நிகழ்ந்த வரிசை. உங்கள் ஆசை எந்த ஸ்வரத்தில் இடறியதால் பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழலில் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, பாதித் துளையை மூடியும் திறந்தும் வருவது. ஐந்து கட்டைக் குழலில் விரல் பழகிய இடைவெளி ஒன்றரைக் கட்டைக் குழலில் அகன்றுவிடும். ஊதும் கோணமும் காற்றின் அளவும் மாறிவிடும். ஸ்வரஸ்தானம் (ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உரிய சரியான இடம்) கையில் நிலைக்கும் முன்னர் நாளுக்கொரு குழலை எடுத்தால், எந்தக் குழலிலும் தைவதம் ('த' ஸ்வரம்) அதன் இடத்தில் நிற்காது. செலவாகும் பணத்தைவிட எனக்கு இதுவே பெரிய கவலை. வர்ணங்கள் இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) தடையின்றி வரும் வரையில் ஆசிரியர் கொடுத்த ஐந்து கட்டையைத் தவிர மற்றவற்றை உறையை விட்டு எடுக்காதீர்கள்.

பதில்: மிருதங்கம் வாசிப்பவர், அம்பாசமுத்திரம்

அண்ணாச்சி சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனாலும் வாங்கும் ஆசையை முழுவதுமாகக் குற்றமாக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தஞ்சாவூர் வீணைக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. இருந்தாலும் அந்தக் கைவினைஞர்களின் அடுப்பு எரிவது நம்மைப் போன்றவர்கள் வாங்குவதால்தான். என்னிடமும் தக்குச் சுருதிக்கு (தாழ்ந்த சுருதிக்கு) ஒரு மிருதங்கமும் எச்சுச் சுருதிக்கு (உயர்ந்த சுருதிக்கு) ஒன்றும் உண்டு. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கும் ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கும் ஒரே மிருதங்கத்தைச் சேர்க்க முடியாது என்பதை மேடை ஏறுபவர்கள் அறிவார்கள். அதேபோல், பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்கு வாசிக்க நீங்கள் அழைக்கப்படும் காலம் வரும்போது, பாடுபவரின் சுருதிக்கு ஏற்ற குழல் உங்கள் பையில் இருந்தே ஆக வேண்டும்.

என் அளவுகோல் பராமரிப்பு. வாசிக்காமல் மூலையில் கிடக்கும் மிருதங்கத்தின் தோல் வார் தளரும், கரணை என்னும் கருப்புப் பூச்சு உதிரும், பிறகு மூட்டு எனப்படும் தோல் முகப்பை மாற்றப் பணம் செலவாகும். மூங்கிலுக்கும் எண்ணெய் காட்ட வேண்டும். நம் ஊர்க் கோடையில் உலர்ந்த குழல் வெடித்துவிடும். இப்போது இருப்பவை அனைத்தையும் உங்களால் பேண முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், ஆசிரியரிடம் கேட்டு, குழல் இல்லாமல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சிலவற்றைக் கொடுத்துவிடுங்கள். அவை அங்கே தினமும் வாசிக்கப்படும்.

பதில்: ஒலிப்பதிவாளர், திருநெல்வேலி நகரம்

மைக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இன்டர்ஃபேஸில் இணைக்கும் கண்டென்சர் மைக்குகளுக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் தேவை. உங்கள் இன்டர்ஃபேஸில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் என்பதால் மின்விசிறியின் இரைச்சலும் தெருவில் போகும் பேருந்தின் ஒலிப்பானும் குழலோடு சேர்ந்து பதிவாகும். முதலில் விசிறியை நிறுத்திவிட்டு, சுவர்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, கைபேசியையே குழலின் வாய்த்துளைக்கு நேராக வைக்காமல் சற்று மேலே தள்ளி வைத்துப் பதிவு செய்து பாருங்கள். ஊதும் காற்றின் சீறல் குறைந்து நாதம் தெளியும். அதிலும் உங்களுக்குப் போதாத ஒன்று காதில் பட்டால், அது என்ன என்று இங்கே எழுதுங்கள்; அதற்கேற்ற மைக்கைச் சொல்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. அண்ணாச்சி கேட்ட கேள்வியை வைத்துப் பார்த்தேன். மைக் மீதான ஆசைக்குப் பின்னால் எந்த ஸ்வரமும் இல்லை, அதனால் அதை இப்போதைக்கு வாங்கப் போவதில்லை. நாலரைக் கட்டைக் குழலையும் ஆறு கட்டைக் குழலையும் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்கிறேன். ஒன்றரைக் கட்டையைக் கொடுக்க மட்டும் இன்னும் மனம் வரவில்லை. அதன் கீழ் ஸ்தாயி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதை வைத்துக்கொள்வதில் தவறு உண்டா?

பதில்: நாதஸ்வரக் கலைஞர், சேரன்மகாதேவி

இல்லை தம்பி. வைத்துக்கொள்ளுங்கள். வர்ணம் முடிந்த பிறகு வாசியுங்கள்.