34 வயதில் பிரான்ஸ் பிரதமர்: அட்டல் ஏறினாரா, ஏற்றிவிடப்பட்டாரா?

பொருநை:
கேப்ரியல் அட்டல் 2024 ஜனவரி 9 அன்று பிரான்ஸின் பிரதமரானார். 1958இல் தொடங்கிய இப்போதைய ஆட்சியமைப்பான ஐந்தாவது குடியரசில் அவ்வளவு இளம் வயதில் அந்தப் பதவிக்கு வேறு யாரும் வந்ததில்லை. ஜனாதிபதி மக்ரோன் கைதூக்கிவிட்டார், அவ்வளவுதான் என்று பேசுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. 17 வயதில் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். சுகாதார அமைச்சர் மரிசோல் துரேனிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2014இல் பாரிஸை ஒட்டிய வான்வ் நகரசபை உறுப்பினர், 2017இல் மக்ரோன் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர், 29 வயதில் கல்வித்துறையில் இணையமைச்சர். அதன் பிறகு அரசின் செய்தித் தொடர்பாளர், அரசுக் கணக்குகளுக்கான அமைச்சர், கல்வி அமைச்சர். ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை.

கருங்குயில்:
நண்பரே, படிகளை எண்ணினீர்கள். அவற்றைக் கட்டியது யார்? 2018இலிருந்து நீங்கள் சொன்னவை எல்லாமே நியமனப் பதவிகள். பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி பிரதமரை நியமிப்பவர் ஜனாதிபதி. நாடாளுமன்றம் வாக்களித்து ஏற்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. கல்வி அமைச்சராக அவர் இருந்தது ஆறு மாதத்துக்கும் குறைவு. அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவிகள் சிலர் அணியும் அபாயா என்ற நீள அங்கிக்குத் தடை விதித்தார், தலைப்புச் செய்தி கிடைத்தது. ஆசிரியர் பற்றாக்குறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாரிஸின் பேர்பெற்ற தனியார் பள்ளியில் படித்தவருக்கு அந்த வலி எட்டவில்லை என்பதுதான் என் கோபம்.

வேனில்:
பாரிஸ் புறநகரில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். அதனால் கருங்குயில் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பிரெஞ்சுக்கும் கணிதத்துக்கும் மாணவர்களைத் திறன்வாரியாகப் பிரிக்கும் திட்டத்தை அவர் 2023 டிசம்பரில் அறிவித்தார். அடுத்த மாதமே பிரதமராகிப் போய்விட்டார். பின்னால் வந்த அமைச்சர் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குழப்பத்தைச் சுமந்தது பள்ளிகள்.

ஆனால் மாணவர்களை மாணவர்களே துன்புறுத்தும் கொடுமையை அவர் கையிலெடுத்ததை மறக்க மாட்டேன். பள்ளி நாட்களில் தானும் அதை அனுபவித்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார். ஒரு கல்வி அமைச்சர் அப்படிப் பேசுவதைக் கேட்ட பெற்றோருக்கு அதன் மதிப்பு தெரியும்.

பொருநை:
கருங்குயில், நியமனம் என்பதாலேயே திறமை இல்லை என்றாகிவிடுமா? விவசாயிகள் டிராக்டர்களை நிறுத்தி நெடுஞ்சாலைகளை மறித்த அந்த ஜனவரியை நினைத்துப் பாருங்கள். பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. தெற்கே ஒரு பண்ணைக்குப் போய், வைக்கோல் கட்டின்மேல் குறிப்புத் தாள்களை வைத்துக்கொண்டு, விவசாய டீசல் வரி உயர்வைக் கைவிடுவதாக அறிவித்தார். கொதித்துப்போயிருந்த கூட்டத்தின் நடுவே நிற்கத் துணிச்சல் வேண்டும்.

கருங்குயில்:
துணிச்சலை மறுக்கவில்லை. அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே என் கேள்வி. அதற்கு 2024 ஜூன் 9ஆம் தேதி இரவு பதில் சொன்னது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பார்டெல்லாவின் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசியப் பேரணி 31 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. மக்ரோன் அணிக்கு 15 சதவீதம்கூட வரவில்லை. உடனே மக்ரோன் பிரெஞ்சு நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலை அறிவித்தார். கலைக்கும் முன் பிரதமரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. அட்டலுக்கோ முடிவெடுத்த பிறகுதான் செய்தி போனது. எட்டு மாதத்தில் ஆட்சி முடிந்தது. செப்டம்பரில் அந்த நாற்காலிக்கு 73 வயது பார்னியே வந்தார்.

பொருநை:
அந்த இரவுக்குப் பிறகுதான் அவர் சொந்தக் காலில் நின்றார் என்பேன். மூன்றே வாரத்தில் பிரசாரத்தைத் தோளில் சுமந்தார். துடைத்தெறியப்படும் என்று எழுதப்பட்ட அணி 160 இடங்கள் அளவில் தப்பியது. இந்தக் கலைப்பு தன் தேர்வு அல்ல என்று முடிவு வந்த இரவே நாட்டின் முன் சொன்னார். நாடாளுமன்றக் குழுத் தலைமையையும், டிசம்பரில் கட்சியின் பொதுச் செயலாளர் பதவியையும் பெற்றார். இவை மக்ரோன் நியமனங்கள் அல்ல.

கருங்குயில்:
இரண்டு சுற்றாக நடக்கும் அந்தத் தேர்தலின் முதல் சுற்றில் அந்த அணி மூன்றாம் இடம். இரண்டாம் சுற்றில் தேசியப் பேரணியைத் தடுக்க இடதுசாரி வேட்பாளர்கள் பல தொகுதிகளில் விலகிக்கொண்டார்களே, அந்த வாக்குகளையும் அட்டலின் கணக்கில் சேர்க்கலாமா? அவருக்கு முன் இளம் பிரதமர் என்று பேர் வாங்கிய ஃபாபியுஸ் 1984இல் 37 வயதில் வந்தவர். 2006இல் சொந்தக் கட்சியே அவரை ஜனாதிபதி வேட்பாளராக்க மறுத்தது.

பொருநை:
சிராக்கையும் பாருங்கள். 41 வயதில் பிரதமர், ஜனாதிபதியோடு மோதல், பிறகு கட்சியைக் கையில் எடுத்தார், கடைசியில் ஜனாதிபதியாகி எலிசே மாளிகைக்கே போனார். அட்டல் போவது அந்த வழிதான்.

கருங்குயில்:
சிராக் 1976இல் தானே ராஜினாமா செய்தவர். அடுத்த ஆண்டே பாரிஸ் மேயராகி 18 ஆண்டுகள் அந்த நகரத்தைக் கையில் வைத்திருந்தார். ஜனாதிபதியாக 1995 வரை காத்திருந்தார். அட்டலுக்குப் போட்டியாக நிற்கும் முன்னாள் பிரதமர் எட்வார் பிலிப்புக்கு, அவர் மேயராக இருக்கும் லெ ஹாவ்ர் நகரம் இருக்கிறது. அட்டலின் பாரிஸ் எது என்று சொல்லுங்கள், நான் வாதத்தை நிறுத்திக்கொள்கிறேன்.