புதுப்பிப்பு: பல்கலைக்கழக மெரூன் அச்சில் மாறி வந்த பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: எங்கள் பல்கலைக்கழகத்தின் மெரூன் இணையதளத்தில் சரியாக இருந்தது. தண்டையார்பேட்டையில் அடித்த ஃபிளெக்ஸ் பேனரில் செங்கல் நிறமாகவும், அழைப்பிதழில் கறுத்துப்போயும் வந்தது.

"ஆர்ஜிபி கோப்பை அனுப்பாதீர்கள், பான்டோன் எண்ணிலிருந்து தொடங்குங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஆர்ஜிபி என்பது திரையில் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவாகக் குறிக்கும் முறை. பான்டோன் எண் என்பது அச்சு நிறங்களின் பொது அட்டவணையில் ஒரு நிறத்துக்கு உள்ள எண். ஆர்ஜிபி கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு அச்சகத்தின் மென்பொருளும் அதை ஒவ்வொரு விதமாக மாற்றிக்கொள்கிறது. இப்போது அழைப்பிதழை ஆஃப்செட் அச்சில் அந்தப் பான்டோன் எண்ணுக்குக் கலந்த தனி மையிலேயே அடிக்கிறோம். ஃபிளெக்ஸ் இயந்திரத்தில் அது முடியாது. அதனால் பல்கலைக்கழகக் கையேட்டிலுள்ள சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள்) சதவீதத்தைக் கொடுத்து, அதே ஃபிளெக்ஸில் சின்னத் துண்டு அடித்து, வெயிலில் வைத்துப் பார்த்து, கறுப்பைக் கொஞ்சம் குறைத்தோம். ட்யூப்லைட்டில் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. வாட்ஸ்அப் படத்தை நம்பி ஒப்புதல் கொடுக்கவே கூடாது.

எதிர்பாராதது தாள். அதே மை பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் பளிச்சென்று இருக்கிறது, பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் மங்குகிறது. பான்டோன் எண்ணின் கடைசியில் வரும் சி என்ற எழுத்து பூச்சுள்ள தாளுக்கும், யு என்ற எழுத்து பூச்சில்லாத தாளுக்கும் உரியவை. அச்சகத்தில் எழுத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அப்புறம், திரைக்கு ஹெக்ஸ் எண் (இணையதளத்தில் நிறத்தைக் குறிக்கும் குறியீடு) மட்டும் போதவில்லை. வெள்ளைப் பின்னணியில் எங்கள் தங்க நிற எழுத்து, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை விதி கேட்கும், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான 4.5:1 வெளிச்ச வேறுபாட்டை எட்டவில்லை. தங்கத்தைப் பின்னணியாக்கி மெரூனில் எழுதினோம், நன்றாகப் படிக்க முடிகிறது.