பயத்தை வைத்து ஆளும் வேலைத்தளத்தைச் சேர்வதற்கு முன்பே இனங்காண முடியுமா?

கேள்வி: உப்புவெளி வாசகி

நிலாவெளியில் உள்ள ஒரு சுற்றுலா விடுதியின் முன்பதிவுப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் முகாமையாளர் காலைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று விசாரிப்பதற்கு முன்பே யார் செய்தது என்று கேட்பார்; பெயர் தெரிந்துவிட்டால் அந்த மாதச் சேவைக் கட்டணப் பங்கு வெட்டப்படும் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். இதனால், ஓர் அறை இருவருக்குப் பதிவாகிவிட்டதைக் கண்டுபிடித்த ஊழியர்கூட, விருந்தினர் பயணப்பையுடன் வந்து நிற்கும்வரை வாய் திறப்பதில்லை. சீசன் முடிந்ததும் விலக எண்ணியுள்ளேன். எந்த இடத்திலும் மேலதிகாரி ஏசத்தான் செய்வார் என்று வீட்டில் சொல்கிறார்கள். அடுத்த இடமும் இப்படித்தான் இருக்குமா என்பதை எப்படி அறிவது?

பதில்: தாதிய உத்தியோகத்தர்

ஏசுவதும் பயமுறுத்தி ஆள்வதும் ஒன்றல்ல, தங்கச்சி. கண்டிப்பானவரிடம் பிழையைச் சொன்னால் ஏச்சு விழும், பிறகு பிழை திருத்தப்படும். பயமுறுத்துபவரிடம் பிழை போய்ச் சேர்வதே இல்லை. ஹார்வர்ட் பேராசிரியை எமி எட்மண்ட்சன் 1990களில் வைத்தியசாலைக் குழுக்களின் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களிலேயே கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்ததால் அல்ல, தவறை மறைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாததால்தான் அப்படி என்று அவர் விளக்கினார். ஒரு மாதம் முழுவதும் ஒரு தவறுகூட அறிவிக்கப்படாத வார்ட்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஆகவே நேர்முகத் தேர்வில், அண்மையில் அங்கே நேர்ந்த ஒரு பிழை எப்படித் தெரியவந்தது, அதன்பின் எந்த நடைமுறை மாறியது என்று கேளுங்கள். இங்கே பிழையே நடப்பதில்லை என்றோ, செய்தவரை உடனே நிறுத்திவிட்டோம் என்றோ பெருமையாகப் பதில் வந்தால், அந்த இடம் வேண்டாம்.

பதில்: உட்துறைமுக வீதிக் கணக்காளர்

நேர்முகத் தேர்வில் எவரும் அழகாகப் பேசலாம். திருகோணமலை சிறிய ஊர். நீங்கள் சேர எண்ணும் இடத்திலிருந்து விலகிய இருவரையாவது தேடிப்பிடித்து, ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். ஒரே பதவிக்கு அடிக்கடி ஆள் தேடும் விளம்பரம் வந்தால் அதையும் கவனியுங்கள்.

பதில்: தொழிற்சங்கப் பணியாளர்

இப்போதைய இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்ற மிரட்டல் பலிப்பதற்குக் காரணம், சட்டம் நமக்குத் தெரியாததுதான். ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய இலங்கையின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்கள் பணியாற்றியவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்திற்காக நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்று நடவடிக்கையாக நிறுத்தினாலும், நிறுத்திய நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எனவே மிரட்டல் விடுக்கப்பட்ட திகதியையும் சொல்லப்பட்ட வார்த்தைகளையும் குறித்து வையுங்கள். அறைக்குள் அழைத்து விலகல் கடிதம் எழுதச் சொன்னால், எழுதாமல் வெளியே வந்து தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். நீங்களே கையொப்பமிட்ட கடிதம் இருந்தால், நீங்கள் நிறுத்தப்பட்டீர்கள் என்று நிறுவுவது மிகவும் கடினமாகிவிடும்.