பைபாஸ் முடிந்து 20 நாள்: பசிக்கிறது, எடையும் நின்றுவிட்டது

கடலூர், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

எனக்கு 46 வயது. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். புதுச்சேரியில் இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டு இன்றோடு 20 நாள். அறுவைக்குப் போன அன்று காலை 118 கிலோ. பத்தாம் நாள் தையல் காட்டப் போனபோது 112. அதற்கப்புறம் எடை மெஷினில் எண் மாறவே இல்லை. 112, 111.8, மறுபடி 112. நேற்று 112.3 காட்டியது.

எடையை விட என்னைப் பயமுறுத்துவது பசிதான். “இனிமே உனக்குப் பசியே தெரியாதும்மா” என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சொன்னதை நம்பி வீட்டுக்கு வந்தேன். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. வலியும் அசதியும், தண்ணீர் குடிக்கக்கூட மனசு வராது. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குவது, கல்லைத் தூக்கிக் கழுவுவது எல்லாம் இப்போது அவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுவதோடு சரி. உளுந்து பொங்கி வரும்போது ஒரு வாசனை வரும், மாவு அரைப்பவர்களுக்குத் தெரியும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வயிற்றுக்குள் பழைய பசி வந்துவிட்டது. அதே இடம், அதே பிடுங்கல். சுவிட்சை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாப்பிடுவது எல்லாம் திரவம்தான். பருப்புத் தண்ணீர், வடிகட்டிய ரசம், மோர், காய்கறி சூப், ஒரு தடவை இளநீர். பேத்திக்குப் பால் புகட்டும் பாலாடையால் அளந்து, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிக்கிறேன். இரண்டு பாலாடை 30 மில்லி வருகிறது. என் இரைப்பைப் பையும் இப்போது கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். மேலே முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை, அதிலிருந்து நேராகச் சிறுகுடல். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. இவ்வளவு சின்னப் பைக்கு இவ்வளவு பசி எங்கிருந்து வருகிறது?

மாவு வாங்க வருகிறவர்கள் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே மேலும் கீழும் பார்க்கிறார்கள். “ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டியாமே, அப்படியேதான் இருக்க?” என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். இரண்டு வளையலை அடகு வைத்துச் செய்துகொண்ட அறுவை இது. உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா? பை அதற்குள் பெரிதாகிவிட்டதா? தயவுசெய்து உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து

அக்கா, பை பெரிதாகியிருக்காது. 20 நாளில் பாலாடையால் குடித்து அது பெரிதாக வழியில்லை. நான் செய்துகொண்டு 14 மாதம் ஆகிறது. 134 கிலோவில் தொடங்கி இன்று 97. நீங்கள் சொல்வதை வரிக்கு வரி நானும் அனுபவித்திருக்கிறேன். அப்போது எழுதி வைத்த நோட்டு இன்னும் இருக்கிறது. 16ஆம் நாளிலிருந்து 34ஆம் நாள் வரை மொத்தமாகக் குறைந்தது ஒரே கிலோ. 35ஆம் நாளிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டரை.

காரணத்தை எங்கள் உணவு ஆலோசகர் விளக்கினார். உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று ஒரு சர்க்கரைச் சேமிப்பு வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். திடீரென்று சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் அதைத்தான் எடுத்துச் செலவழிக்கும். முதல் பத்து நாளில் மளமளவென்று இறங்கிய கிலோவில் பெரும் பங்கு அந்தத் தண்ணீர். அப்புறம் உடம்பு சுதாரித்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீரைத் திரும்பப் பிடித்து வைக்கும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கும், எண்ணில் தெரியாது. எனக்கு அந்த 18 நாளில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போனது. நீங்கள் தையல்காரர் டேப்பை எடுத்து இடுப்பு, கை, தொடை மூன்றையும் இன்றைக்கே அளந்து எழுதி வையுங்கள். எடை மெஷினில் வாரத்துக்கு ஒரு தடவை ஏறினால் போதும்.

இனி பசி. நீங்கள் குடிப்பது எல்லாம் தண்ணீராக இருப்பதால் பையில் நிற்காமல் இறங்கிவிடும், அதனால் வயிறு நிறைந்தது தெரியாது. கெட்டியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு நிறைவு என்பதே புரிந்தது. கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில் சுரப்பது. அறுவைக்குப் பிறகு சிலருக்கு அது நன்றாகக் குறைகிறது, சிலருக்கு அவ்வளவாகக் குறைவதில்லை. உங்களுக்குப் பசிக்கிறது என்றால் நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. எனக்கு இரவு பதினோரு மணிக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிகிற மாதிரி ஒரு பசி வரும். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வருவேன். நடந்ததால்தான் பசிக்கிறது என்று நினைத்துப் பால் குடித்தேன். குடித்ததும் அடங்கும், அரை மணியில் மறுபடி கிளம்பும். கடைசியில் பார்த்தால் அது அமிலம். காலையில் வெறும் வயிற்றில் போடும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை பத்து நாளில் தீர்ந்துபோனது, நான் திரும்ப வாங்கவே இல்லை. டாக்டரிடம் கேட்டு மறுபடி ஆரம்பித்த மூன்றாம் நாள் அந்தப் “பசி” போய்விட்டது. உங்கள் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று ஒரு தடவை பாருங்கள். தலைவலி, முழங்கால் வலி என்று இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் மட்டும் போட்டுவிடாதீர்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு இணைப்பு போட்ட இடத்தில் புண் வரும்.

கடலூர் முதுநகரிலிருந்து

அக்கா, உங்களுக்குச் சர்க்கரை வியாதி உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். அறுவை என் அம்மாவுக்கு. 15 வருடச் சர்க்கரை.

ஒன்பதாம் நாள் ராத்திரி. அம்மா எழுந்து சமையல்கட்டில் டப்பா டப்பாவாகத் திறந்துகொண்டு இருந்தார். “ஏதாச்சும் குடுடி, உயிர் போவுது” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு செலவு செய்து அறுவை முடித்து ராத்திரி ஒரு மணிக்குச் சோறு தேடுகிறாரே என்று கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கை ஈரத்துணி மாதிரி சில்லென்று வியர்த்திருந்தது. விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. உடனே மெஷினில் குத்திப் பார்த்தேன், 58.

குளுக்கோஸ் பொடி மூன்று ஸ்பூன் கரைத்துச் சின்னச் சின்ன வாயாகக் கொடுத்தேன். கால் மணியில் மறுபடி குத்தினேன், 84. காலையில் டாக்டரிடம் போனில் சொன்னதும் முதலில் கேட்டது மாத்திரைப் பட்டியலைத்தான். பழைய கிளைமிபிரைடை அம்மா அதே அளவில் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது அதை நிறுத்தச் சொன்னார்களா, சொல்லி எங்கள் காதில் விழவில்லையா, தெரியவில்லை. பைபாஸ் ஆனவர்களுக்கு எடை குறைவதற்கு முன்பே, சில நாளிலேயே சர்க்கரை இறங்கிவிடும். மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே இருந்தால் தாழ்சர்க்கரை ஆகிவிடும். அந்தப் பசி கொலைப்பசி. அது ஆசை இல்லை, உடம்பு கேட்கும் உதவி. அன்று அம்மாவைத் திட்டியது இன்னும் என் மனசை அறுக்கிறது.

அரியாங்குப்பத்திலிருந்து

நான் நர்ஸ். சுருக்கமாக எழுதுகிறேன். பசி, எடை நிற்பது இரண்டும் சாதாரணமாக வருவதுதான், அடுத்த பரிசோதனையில் கேட்கலாம். ஆனால் காய்ச்சல், நெஞ்சு படபடவென்று ஓயாமல் அடிப்பது, வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, தோள்பட்டை வலி, மூச்சு வாங்குவது, தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி, மலம் கறுப்பாகப் போவது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் அறுவை செய்த இடத்துக்கே போங்கள். நாள் கணக்காக வாந்தி எடுப்பவர்களுக்கு பி1 வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கும். நின்றால் தள்ளாடும், பார்வை இரட்டையாகத் தெரியும். களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி இடைவெளி விடுங்கள். டீயில் பிஸ்கட் நனைத்துத் தின்பதை இப்போதே மறந்துவிடுங்கள். அது பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும், பசியும் அடங்காது, எடையும் குறையாது.

கடலூர், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

நான்தான், மாவு அரைக்கிறவள். இன்றோடு 50ஆம் நாள். பதில் எழுதிய மூவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. முதுநகர்ப் பெண்ணே, எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனாலும் நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். உன் அம்மா நல்லபடியாக இருக்கட்டும். தம்பி, மாத்திரை தீரவில்லை, ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். என் பசிக்குக் காரணம் வேறு.

24ஆம் நாள் பரிசோதனைக்குப் போனபோது உணவு ஆலோசகரிடம் நோட்டைக் கொடுத்தேன். அந்தப் பெண் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “அம்மா, பருப்புத் தண்ணி எப்படி வைக்கிறீங்க?” என்று கேட்டார். துவரம்பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் வடித்து, பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு என்று சொன்னேன். “பருப்பு எங்க போச்சு?” என்றார். பருப்பு வீட்டுச் சாம்பாருக்குப் போனது. காய்ச்சல்காரருக்கு என் அம்மா அப்படித்தான் கொடுப்பார், அதையே நானும் செய்தேன். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு எனக்குக் கிடைத்த புரதம் 20 கிராம்கூடத் தேறவில்லை. வேண்டியது 60 கிராமுக்குக் குறையாமல். ரசத்திலும் இளநீரிலும் புரதம் கிடையாது. நீர்மோர் பாதித் தண்ணீர். புரதம் இவ்வளவு குறைந்தால் பசியும் அடங்காது, தசையும் கரையும், பின்னால் முடியும் கொட்டும் என்று விளக்கினார். புரதப் பவுடர் வாங்கச் சொல்லி டிஸ்சார்ஜ் அன்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். விலையைப் பார்த்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டது நான்தான். அன்றைக்கே வாங்கினேன்.

அன்று முதல் கெட்டி உணவு தொடங்கலாம் என்றார்கள். பருப்பையும் சேர்த்துக் கடைந்து, கூழ் மாதிரி. ஒரு முட்டையில் 6 கிராம் என்று கணக்கு வைத்து அவித்து மசித்தேன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக எடுத்துக்கொண்டேன். பவுடர் 25 கிராம், பாலில். நாலாம் நாளே அந்த விடியற்காலைப் பிடுங்கல் குறைந்துவிட்டது. முழுதாகப் போகவில்லை. உளுந்து வாசனை வந்தால் இன்னும் வாய் ஊறத்தான் செய்கிறது. ஆனால் அது வாயோடு நிற்கிறது, வயிற்றில் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதே எனக்கு இத்தனை வயதில் இப்போதுதான் தெரிகிறது.

எடை 29ஆம் நாள் வரை 112ஐ விட்டு நகரவில்லை. 30ஆம் நாள் 110.9. இன்று 106.4. தம்பி சொன்ன டேப் கணக்கில் இடுப்பு 9 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது, அதில் மூன்று சென்டிமீட்டர் எடை நின்றிருந்த நாளிலேயே குறைந்தது. ஒன்றரை வருடத்தில் மொத்த எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். நான்தான் 20 நாளில் தேடியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிடலாம் என்று அனுமதி கிடைத்தது. அவர் விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்க் கிழங்கான் வாங்கி வந்தார். கை பட்டாலே சதை உதிரும் மீன், எண்ணெய் இல்லாமல் மஞ்சளும் மிளகும் போட்டு அவித்தேன். பேத்தியின் கிண்ணத்தில் இரண்டு விரல் அளவு எடுத்து வைத்துக்கொண்டு, முள் பார்த்து, ஒவ்வொரு துணுக்கையும் கூழாகும் வரை மென்றேன். இருபது நிமிஷம் ஆனது. பாதிக்கு மேல் போனபோது மூக்கில் நீர் வந்தது, ஒரு விக்கல் வந்தது. பை நிறைந்தால் சிலருக்கு இப்படி அடையாளம் காட்டும் என்று அந்த ஆலோசகர் பெண் சொல்லியிருந்தார். அடுத்த துணுக்கைக் கையில் எடுத்துவிட்டேன். அதைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, “போதும், நீங்க சாப்பிடுங்க” என்று அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணமாகி 27 வருடத்தில் மீன் வைத்த தட்டை நான் மிச்சம் வைத்து அவர் பார்த்ததில்லை.