காம்ரேட்ஸ் அப் ரன்: கடைசி மூன்று வாரத்தில் தன்னம்பிக்கை ஏன் கரைகிறது?

பைன்டவுன்_செல்வி
வணக்கம். எங்கள் கிளப்பில் ஆறு பேர் முதல்முறையாகத் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில், ஏறுமுகமான 'அப் ரன்' திசையில், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குச் சுமார் 87 கி.மீ. ஓடப்போகிறார்கள். எல்லோரும் தகுதி மரத்தானை முடித்தவர்கள். நாலு பேர் கேப் டவுனில் டூ ஓஷன்ஸ் 56 கி.மீ.யும் ஓடியிருக்கிறார்கள். பயிற்சியில் குறை இல்லை. ஆனால் தூரத்தைக் குறைக்கத் தொடங்கியதும் "கால் கனக்குது, பாலி ஷார்ட்ஸில் உட்கார்ந்துவிடுவேன்" என்ற பேச்சு. (பாலி ஷார்ட்ஸ் வழியின் கடைசிப் பெரிய ஏற்றம்.) "உன்னால் முடியும்" என்று நாங்கள் சொல்வது ஒரு நாள்தான் தாங்குகிறது. சரியாக என்ன செய்ய வேண்டும்?

சாட்ஸ்வொர்த்_கோச்
அக்கா, வெறும் சொல் தாங்காதுதான். தன்னம்பிக்கை நான்கு வழியில் ஊறுகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்யக் கண்டது, பிறர் சொல், உடல் காட்டும் அறிகுறி. முதலாவதுதான் வலியது. பிறர் சொல்லை ஒரே ஒரு மோசமான ஓட்டம் அழித்துவிடும்.

இன்னொன்று, இந்த நம்பிக்கை பொதுவானது அல்ல. "நான் நல்ல ஓட்டக்காரன்" என்பது மலையில் உதவாது. "60 கி.மீ.க்குப் பிறகும் ஏற்றத்தில் நிற்காமல் நடப்பேன்" என்பது உதவும். ஆகவே ஆறு பேரிடமும் ஒரு தாள் கொடுங்கள். இடப்பக்கம் அந்த நாள் கேட்பவை: இருட்டில் கூட்டத்தோடு மெதுவாகத் தொடங்குதல், வழியிலுள்ள ஐந்து பெரிய ஏற்றங்களான கவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ், வயிறு புரளும்போதும் குடித்தல். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம், தேதியோடு, அவரவர் பயிற்சிக் குறிப்பேட்டிலிருந்து. நினைவிலிருந்து எழுதவிடாதீர்கள். பயந்த மனம் மோசமான நாட்களைத்தான் பொறுக்கி எடுக்கும்.

வலப்பக்கம் காலியாக இருந்தால் அதுதான் உண்மையான இடைவெளி. அதை நிரப்ப இப்போது 40 கி.மீ. ஓடினால் சோர்வுதான் மிஞ்சும். அந்த இடத்தில் ஒரு திட்டம் எழுதுங்கள்: "குமட்டினால் ஐந்து நிமிடம் நடப்பேன், ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் குடிப்பேன்." நம் ஊரில் காவடி எடுப்பவர் அன்று காலை வரும் துணிச்சலை நம்பி எடுப்பதில்லை, விரதம் இருந்துதான் எடுக்கிறார். இதுவும் அப்படித்தான்.

ஹில்கிரெஸ்ட்_பிசியோ
கால் கனப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பலருக்கு நம்பிக்கை கசிவது அங்கேதான். ஓட்டம் குறைந்து மாவுச்சத்து கூடும்போது தசையில் கிளைக்கோஜன் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) சேர்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேரும். எடை ஒன்றிரண்டு கிலோ ஏறுவது, தொடை இறுகியது போலத் தோன்றுவது எல்லாம் எரிபொருள் நிரம்பும் அடையாளம். அதைத் "தகுதி போய்விட்டது" என்று படிப்பதுதான் தவறு. இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கனம் வந்த பிறகு சொன்னால் சமாதானமாகத்தான் கேட்கும்.

ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, நாளுக்கு நாள் கூடும் வலி இவை வேறு. அவற்றுக்கு உடனே பார்க்க வேண்டும்.

மலையேறி
கோச் சொன்னது சரி, ஆனால் பயத்தை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள் என்பேன். உட்மன் குழுவினர் 2010இல் கயிறு தாண்டுபவர்களை வைத்துச் சோதித்தார்கள். நம்பிக்கை சற்றுக் குறைந்தவர்களின் ஆட்டம் மேம்பட்டது. அது சில நிமிட வேலை, சுமார் 87 கி.மீ. அல்ல. ஆனாலும் அப் ரனில் பலரைக் கவிழ்ப்பது அதிக நம்பிக்கைதான். பெரிய ஏற்றங்களில் மூன்று, பாதி வழியிலுள்ள டிரம்மண்டுக்கு முன்பே முடிந்துவிடும். குளிர்ந்த காலை, புத்துணர்ச்சியான கால், பக்கத்தில் கூட்டம். ஃபீல்ட்ஸ் ஹில்லை ஓடியே ஏறியவர் அந்தக் கடனை கேம்பர்டவுனில் கட்டுவார்.

பஸ்ஸிலும், அதாவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் முடிக்க ஒரு 'டிரைவர்' பின்னால் சேர்ந்து ஓடும் கூட்டத்திலும், கவனம் தேவை. தன்னைப் போன்றவர்களோடு ஓடுவது நல்ல ஊற்றுதான், ஆனால் அது இரவல் நம்பிக்கை. டிரைவரின் வேகம் ஒத்துவராமல் பஸ் பிரிந்துபோனால் மனம் அங்கேயே உடைந்துவிடும். பஸ்ஸில் ஏறுபவருக்கும் கையில் சொந்த நேரப்பட்டியல் இருக்கட்டும். ஓட்டத்தை முடிக்க வேண்டிய 12 மணி நேரக் கெடு துப்பாக்கி வெடித்ததிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பின்வரிசையில் நிற்பவர் கோட்டைத் தாண்டும் முன்பே சில நிமிடம் போய்விடும் என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர்தான் முதல் மணியில் பதறி விரட்டுகிறார்.

பைன்டவுன்_செல்வி
தாள் வேலையை நாளையே தொடங்குகிறோம். பாலி ஷார்ட்ஸ் அடிவாரத்தில் அவர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்ள வேண்டும்?

சாட்ஸ்வொர்த்_கோச்
அவரவரே சொல் தேர்ந்தெடுக்கட்டும். பிளான்ச்ஃபீல்ட் குழு 2014இல் நடத்திய சைக்கிள் சோதனையில், தாங்களே தேர்ந்த வாக்கியங்களை இரண்டு வாரம் பழகியவர்கள் களைப்பைத் தாங்கிய நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. 2019இல் வந்த இன்னொரு சைக்கிள் ஆய்வில் "நான்" என்பதைவிட "நீ" என்று தன்னை அழைத்தபோது வேகம் கூடியது. "நீ ஏறுகிறாய்", "கையை வீசு, அடுத்த கம்பம் வரை" போன்றவை போதும். "நிற்காதே" வேண்டாம், அது நிற்பதையே நினைவூட்டும். மீதமுள்ள நாட்களில் குறுகிய ஓட்டத்தின் கடைசி 10 நிமிடத்தில் பழகட்டும். புதிய சொல் அன்றைக்கு வேலை செய்யாது.

சொல்லோடு கணக்கும் வேண்டும். 10 மணி 20 நிமிடத்தில் அடிவாரத்தில் இருக்கிறார் என்று வையுங்கள். ஏற்றம் சுமார் 1.8 கி.மீ. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் முழுவதும் நடந்தாலும் 22 நிமிடம். உச்சியில் 78 நிமிடம் கையிருப்பு. மீதம் எட்டு கிலோமீட்டர் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 45 வினாடி போதும். வழியிலுள்ள பலகைகள் மீதமுள்ள தூரத்தைத்தான் காட்டும், அதனால் கணக்குப் போடுவது எளிது. ஆனால் 70 கி.மீ. ஓடிய மூளைக்குப் பெருக்கல் வராது. 10:00, 10:20, 10:30 மூன்றுக்கும் விடையை எழுதி மணிக்கட்டில் ஒட்டிவிடுங்கள்.