எம்ஐ-24: தாக்குதல் ஹெலிகாப்டருக்குள் 8 சிப்பாய்களுக்கு எதற்கு இடம்?

வடகரை கேட்டது:

கொஞ்ச நாளாகத் தாக்குதல் ஹெலிகாப்டர்களைப் பற்றி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் கோப்ரா, அப்பாச்சி, நம்ம ஊர் பிரசண்ட் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஒல்லியான உடம்பு, முன்னும் பின்னுமாக 2 பேர், மீதி எல்லாம் ஆயுதம். சோவியத்தின் எம்ஐ-24 மட்டும் தனி ரகமாக இருக்கிறது. காக்பிட்டுக்குப் பின்னால் ஓர் அறை, இரண்டு பக்கமும் கதவு, ஜன்னல், உள்ளே 8 பேர் உட்கார இடம். இவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனால் எடையும் கூடும், சுடுகிறவனுக்கு இலக்கும் பெரிதாகும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அப்புறம் இன்னொன்று. சோவியத் படை போரிட்ட ஆப்கானிஸ்தானில், தோளில் வைத்துச் சுடும், எஞ்சின் வெப்பத்தைத் தேடிப்போகும் அமெரிக்காவின் ஸ்டிங்கர் ஏவுகணை வந்ததும் இதன் கதை முடிந்துவிட்டது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரோட்டர்பித்தன் பதில்:

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் இதை வடிவமைத்த மிகைல் மில் 1960களில் என்ன யோசித்தார் என்று பார்க்க வேண்டும். அவர் செய்ய நினைத்தது அப்பாச்சி மாதிரி ஒன்றை அல்ல. காலாட்படைக் கவச வண்டி ஒன்று பறந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அவருடைய யோசனை. சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய், இறங்குமிடத்தைத் தன் ஆயுதங்களாலேயே அடித்துச் சுத்தம் செய்து, அங்கேயே அவர்களை இறக்கிவிட்டு, மேலே நின்று பாதுகாப்பும் கொடுக்கும் ஒரே எந்திரம். 1966ல் மாதிரி வடிவம் செய்து காட்டினார். சோவியத் பாதுகாப்பு அமைச்சர் மாலினோவ்ஸ்கி உட்பட மேலிடத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது, மார்ஷல் கிரெச்கோ ஆதரித்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. 1969 செப்டம்பரில் முதல் முறை பறந்தது. 1970 ஜனவரியில் மில் இறந்துபோனார், தான் தொடங்கியது எந்த எந்தப் போர்களுக்குப் போகப்போகிறது என்று பார்க்க அவர் இல்லை.

ஆக அந்த அறை பிற்பாடு ஒட்டவைத்தது இல்லை, அதுதான் ஆரம்பமே. மற்ற எல்லாமே அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. 8 பேரையும் ஆயுதத்தையும் கவசத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும், அதனால் தலா 2,200 குதிரைத்திறன் கொண்ட டிவி3-117 எஞ்சின்கள் இரண்டு. எல்லாம் ஏற்றினால் 12 டன் வரை போகும், இவ்வளவு கனத்த உடம்பு ஓரிடத்தில் நின்றபடி சண்டை போட முடியாது, வேகத்தில் வந்து அடித்துவிட்டு வேகத்தில் போய்விட வேண்டும். அதற்காகத்தான் சக்கரங்கள் உள்ளே மடங்குகின்றன, அதற்காகத்தான் அந்தக் குட்டை இறக்கைகள். பலரும் அவை ராக்கெட் தொங்கவிடும் கொக்கிகள் என்று மட்டும் நினைக்கிறார்கள். அதிவேகத்தில் பறக்கும்போது தூக்குவிசையில் கால்பங்கு வரை அந்த இறக்கைகளே தருகின்றன. சாதாரண எம்ஐ-24 மணிக்கு 335 கி.மீ. வரை போகும். எடை குறைத்துத் தயார் செய்த ஒன்று 1978ல் 368 கி.மீ. தொட்டு உலக சாதனை படைத்தது.

வாய்ப்பு கிடைத்தால் நிறுத்திவைத்த எம்ஐ-24 ஒன்றை நேர் எதிரே நின்று பாருங்கள். லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் அது வேண்டுமென்றே செய்தது. மெயின் ரோட்டரை உடலுக்கு 2.5 டிகிரி வலப்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், வால் ரோட்டர் தள்ளும் தள்ளலில் உடம்பு பக்கவாட்டில் நகர்ந்துவிடாமல் இருப்பதற்காக. தரையில் ரோட்டர் மட்டமாக நிற்க வேண்டும், அதனால் உடம்பு சாய்கிறது. வால் துடுப்பும் இரண்டு பக்கமும் ஒரே வளைவு கிடையாது, வேகமாகப் பறக்கும்போது அதுவே பக்கவாட்டு விசையைக் கொடுத்து வால் ரோட்டரின் சுமையைக் குறைக்கும். இந்த மாதிரி நுணுக்கம் ஒவ்வொன்றாகத் தெரிய வரும்போதுதான் இதை வடிவமைத்தவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

முதலில் வந்த 'ஏ' வகையில் பைலட்டும் கன்னரும் ஒரே அகலமான கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார்கள், பார்வை சரியில்லை, பாதுகாப்பும் போதாது. 'டி' வகையில்தான் நாம் படங்களில் பார்க்கும் முகம் வந்தது. முன்னால் கீழே கன்னர், பின்னால் மேலே பைலட், இரண்டு பேருக்கும் தனித்தனிக் குமிழ்க் கண்ணாடி, மூக்குக்கு அடியில் 4 குழல் 12.7 மி.மீ. துப்பாக்கி.

மலைப்பாதை பதில்:

ரோட்டர்பித்தன் சொன்ன வடிவமைப்பு விஷயம் எல்லாம் சரி, ஆனால் போர்க்களத்தில் அந்த யோசனை நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை பயன்படுத்திய பக்ராம் விமானத்தளமே கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை வெயிலில் அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, ரோட்டருக்குப் பிடிமானம் கிடைக்காது, எஞ்சினும் முழு சக்தி தராது. நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்புவது பல நேரம் நடக்காத காரியம். விமானம் மாதிரி ஓடுபாதையில் ஓடவிட்டு, வாலைத் தூக்கி, முன் சக்கரத்தில் மட்டும் உருண்டு வேகம் பிடித்து எழுப்பியிருக்கிறார்கள். இந்த நிலையில் 8 சிப்பாய்களை எங்கே ஏற்றுவது? படையினரைப் போக்குவரத்து ஹெலிகாப்டரான எம்ஐ-8 சுமந்தது, எம்ஐ-24 அதற்குக் காவலாகப் போய் இறங்குமிடத்தை அடித்தது. மில் ஒரே எந்திரத்தில் சேர்த்துவைத்த இரண்டு வேலையையும் போர் மறுபடி இரண்டாகப் பிரித்துவிட்டது. எடை குறைக்க எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளக் கூடவே பறக்கும் ஃப்ளைட் டெக்னீஷியனைக்கூடத் தரையில் விட்டுவிட்டுப் போன நாட்கள் உண்டு.

இறக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேகத்தில் உதவுகிற அதே இறக்கை, நிதானமாக மிதக்கும்போது ரோட்டர் கீழே தள்ளும் காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. வேகம் குறைவாக வைத்துக்கொண்டு கூர்மையாகத் திரும்பினால் உள்பக்க இறக்கை தூக்குவிசையை இழந்து எந்திரம் இன்னும் அதிகமாகச் சாய்ந்துகொண்டே போகும். இன்னொரு பயங்கரம், கடுமையாகத் திருப்பி இழுத்தால் மெயின் ரோட்டர் இதழ் தன் வாலையே வெட்டிவிடும். எதிரி ஒரு தோட்டாவும் சுடாமலே இப்படிப் போனவை உண்டு.

ஸ்டிங்கர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1986 செப்டம்பர் 25 அன்று ஜலாலாபாத் விமானநிலையம் அருகே முதல் முறையாக, சோவியத் படையை எதிர்த்த முஜாஹிதீன்கள் அதைச் சுட்டார்கள், எம்ஐ-24கள் விழுந்தன. ஆனால் அதற்கு முன்பே ஹெலிகாப்டர்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன. எம்ஐ-24இன் அடிப்பக்கத்துக்கும் காக்பிட்டுக்கும் கவசம் இருக்கிறது, பள்ளத்தாக்குக்குள் தாழப் பறக்கும்போது மலை உச்சியில் டிஷ்கா கனரகத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவன் மேலிருந்து கீழே சுடுகிறான். அதற்கு என்ன செய்ய முடியும்? வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணைகளுக்காகச் செய்த மாற்றங்கள் கண்ணுக்கே தெரியும்: எஞ்சின் புகையைக் குளிர்ந்த காற்றோடு கலந்து வெளியே விடும் பெட்டி, முதுகில் லிப்பா என்ற அகச்சிவப்புக் குழப்பி, ஏவுகணையை ஏமாற்ற எரிந்து விழும் ஃப்ளேர்களுக்கு வரிசையாகக் குழாய்கள். ஸ்டிங்கர் வந்த பிறகு பறக்கும் விதமும் மாறியது, தரையை ஒட்டியோ இரவிலோ பறந்தார்கள், அதனால் தரைப்படைக்குக் கிடைத்த ஆதரவு குறைந்தது. அதுதான் ஸ்டிங்கரின் உண்மையான பாதிப்பு. 'ஸ்டிங்கர் வந்தது, சோவியத் ஓடியது' என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோவியத் தலைவர் கோர்பசோவ் 1986 பிப்ரவரியிலேயே அந்தப் போரை ரத்தம் வடியும் காயம் என்று சொல்லிவிட்டார். முதல் ஸ்டிங்கர் சுடப்படுவதற்கு 7 மாதம் முன்பு.

தென்மராட்சி பதில்:

நீங்கள் எல்லோரும் மேலே இருந்து பார்த்து எழுதுகிறீர்கள், கீழே இருந்து பார்த்த ஆள் நான், அதையும் எழுதிவைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இதன் முதல் அறிமுகம் இலங்கை விமானப்படையால் இல்லை, இந்திய அமைதிப்படை கொண்டுவந்த எம்ஐ-25ஆல். எம்ஐ-24 'டி'யின் ஏற்றுமதி வடிவம் அது. 1987 அக்டோபர் கடைசியில் சாவகச்சேரியில் அது அடித்ததை எங்கள் பக்கம் வயது போனவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். அதுக்கு முன்னம் நாங்கள் கண்டது பெல் 212. கதவில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு வட்டமடித்துச் சுடும், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து மதில் மாறி மதில் ஒதுங்கலாம். இது அப்படி இல்லை, நேரே மூக்கைக் குத்திக்கொண்டு வரும், ராக்கெட் முதலில் வந்து விழும், பிறகுதான் ஒதுங்க யோசிக்க நேரம் கிடைக்கும். சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் இருக்கிறதை அப்படியே விட்டுவிட்டுத் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிடுவா.

இலங்கை விமானப்படை 1995ல்தான் எம்ஐ-24 வாங்கியது. ஹிங்குராக்கொடவில் இருக்கும் 9ஆம் ஸ்குவாட்ரன். 90களின் பிற்பகுதியில் புலிகளிடம் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை வந்த பிறகு சில விழுந்தன, மலைப்பாதை எழுதிய கதையே அங்கேயும் நடந்தது. இதன் வேகத்தையும் கவசத்தையும் பற்றிப் பேசுங்கள், நானும் ஆர்வமாகத்தான் படிக்கிறேன். ஆனால் இறங்குமிடத்தை அடித்துச் சுத்தம் செய்வது என்று எழுதும்போது அந்த இடத்தில் வீடும் சந்தையும் இருந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கோ.

வடகரை:

தென்மராட்சி அண்ணே, எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னது இந்தத் திரியில் கட்டாயம் இருக்க வேண்டியது.

மலைப்பாதை சார், ஒரு சந்தேகம். படையினரை ஏற்ற முடியாது என்று ஆப்கானிஸ்தானிலேயே தெரிந்துபோன பிறகு அந்த அறையை எடுத்துவிட்டு ஒல்லியான ஒன்றைச் செய்திருக்கலாமே? 2,000க்கு மேல் செய்து குவித்திருக்கிறார்களே?

ரோட்டர்பித்தன் பதில்:

இதற்கு நானே சொல்கிறேன். செய்தார்கள். எம்ஐ-28 அதுதான், 1982 நவம்பரில் பறந்தது, 2 பேர் மட்டும், அறை கிடையாது. ஆனால் சோவியத் ஒன்றியம் உடைந்து பணம் இல்லாமல் போனதால் அது படைக்கு ஒழுங்காக வந்து சேரவே 2000களின் பிற்பகுதி ஆகிவிட்டது. அதுவரை எம்ஐ-24தான் எல்லாப் பாரத்தையும் இழுத்தது.

மலைப்பாதையிடம் நான் வேறுபடும் இடம் ஒன்று இருக்கிறது. 8 பேரை ஏற்றவில்லை என்பதால் அந்த அறை வீண் என்று ஆகிவிடாது. கதவு மேலும் கீழுமாக இரண்டு பாதியாகத் திறக்கும், கீழ்ப்பாதியில் படி இருக்கும், ஒருவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்ப அதைவிட வசதி எது? ஆப்கானிஸ்தானில் ஜோடி ஜோடியாகத்தான் பறந்தார்கள், ஒன்று விழுந்தால் கூடப் போனது இறங்கி ஆட்களை அள்ளிக்கொண்டு வரலாம். கோப்ராவில் அதற்கு இடம் ஏது? கூடுதல் வெடிபொருளை உள்ளே ஏற்றிப் போய், தளத்துக்குத் திரும்பாமல் ஒதுக்குப்புறமாக இறங்கி நிரப்பிக்கொள்ளவும் அறை உதவியது. டெக்னீஷியன் ஜன்னலைத் திறந்து எந்திரத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பக்கவாட்டைப் பார்த்துக்கொள்வார், திரும்பிப் போகும்போது பின்னாலிருந்து சுடுகிறவர்களுக்கு அதுதான் பதில். நம் இந்திய விமானப்படையும் சியரா லியோனில் ஐ.நா. பணியில், எம்ஐ-24இன் இன்னொரு ஏற்றுமதி வடிவமான எம்ஐ-35ஐ வைத்திருந்தது. 2000 ஜூலையில் கைலாஹுனில் முற்றுகையில் இருந்த இந்திய வீரர்களை மீட்ட குக்ரி நடவடிக்கையில் அவை போயிருக்கின்றன.

இந்த மீட்பு விஷயத்தை மில் நிறுவனமே கைவிடவில்லை. எம்ஐ-28இல் இறக்கைக்குப் பின்னால் உடம்பின் இடப்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும், படத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும். உள்ளே 2, 3 பேர் குனிந்து அடங்கும் அளவுக்கு ஒரு பொந்து. விழுந்த ஹெலிகாப்டரின் பைலட்டுகளை ஏற்றிக்கொண்டு வருவதற்கு.